போய் வந்த கணக்கு

கேள்வி: அமைச்சர்கள் ஒரு படையையே அழைத்துக்கொண்டு வெளிநாடு போய் வருகிறார்கள். அந்தப் பணத்தில் எங்கள் பாலாற்றில் ஒரு தடுப்பணை கட்டலாமே? – ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: 'ஆமாம்' என்று எழுதிக் கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஓர் அமைச்சரின் விமானச் சீட்டும் ஓட்டல் வாடகையும் தடுப்பணையின் கால் சுவருக்குக்கூடக் காணாது. படையைப் பற்றி நீங்கள் சொல்வது வேறு விஷயம். அந்த விஷயத்தைக் கடைசியில் பேசுகிறேன்.

உங்கள் ஊர்த் தோல் வியாபாரி மிலான் கண்காட்சிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பிள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போவார். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று புறப்படும் முன்பே குறித்து வைத்திருப்பார். திரும்பி வந்து ஆர்டர் எதுவும் ஏறவில்லையென்றால், அடுத்த ஆண்டு டிக்கெட் எடுக்கும்போது கூட்டாளி வாயைத் திறப்பார். அமைச்சருக்கு அப்படி வாயைத் திறக்கும் கூட்டாளி இல்லை. குறை அங்கேதான்.

2019-ல் எடப்பாடி பழனிசாமி பிரிட்டன், அமெரிக்கா, துபாய் போய் வந்தபோது 8,835 கோடி ரூபாய் முதலீடு வருகிறது என்றார்கள். 2024-ல் மு.க.ஸ்டாலின் அமெரிக்கா போய் வந்தபோது 7,618 கோடி என்றார்கள். இரண்டுமே புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். அதாவது, வெற்றிலை பாக்கு மாற்றியதோடு சரி. தாலி கட்டியது எத்தனை என்ற பட்டியலை இரண்டு கட்சிகளும் அதே ஆர்வத்தோடு வெளியிட்டதாக எனக்கு நினைவில்லை. ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்துக்கு 9,000 கோடி ரூபாய் டாடா கார் ஆலையைக் கொண்டுவந்த ஒப்பந்தமோ சென்னையிலேயே கையெழுத்தானது. பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

அதற்காகப் பயணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் ஒரு சட்டம் மாறினால் பேரணாம்பட்டில் அடுப்பு எரியாது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பி.சி.பி. ரசாயனத்தை அந்த நாடு தடை செய்தபோது நம் வட ஆற்காட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பெரியவர்களிடம் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. பாலாற்றைக் கெடுத்ததற்காகத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். உப்புத் தண்ணீர்ப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. இத்தாலியில் அர்சிஞ்ஞானோ, சாந்தா குரோச்சே என்று நம் வாணியம்பாடியைப் போலவே தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆலைக் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அங்கே போகிற அமைச்சருக்கு நானே ஆம்பூர் ரயில் நிலையத்தில் மாலை போடுவேன். படை என்றால் அந்தப் படை போகட்டும்.

அமைச்சர்களின் பயண விவரம், உடன் சென்றோர் எண்ணிக்கை, செலவு ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணையத்தில் போட வேண்டும் என்று மத்திய அரசு தன் துறைகளுக்கு 2012-லேயே சொல்லிவிட்டது. மாநில அமைச்சர்களைப் பற்றி அறிய 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே மனுப் போடலாம். செலவை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் யார் போனார்கள், எதற்குப் போனார்கள், திரும்பி வந்து கொடுத்த அறிக்கையின் நகல் எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறேன். 'அப்படி ஓர் அறிக்கை இல்லை' என்று வந்தால் அதையும் அனுப்புங்கள். அதை இன்னும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறேன்.