போர் தண்ணீருக்கு ஏற்ற மீன்கள்: கேள்வி பதில்

சென்னையில் இருபது வருடமாகப் போர் தண்ணீரில்தான், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான், மீன் வளர்க்கிறேன். என் வீட்டுக் குழாயில் வருவது ஜி.எச். (கடினத்தன்மை) 18 டிகிரி, பி.எச். (அமில, காரத் தன்மை) 8. மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போராடுவதை விட்டுவிட்டு, தண்ணீருக்குப் பொருந்தும் மீனைத் தேட ஆரம்பித்த பிறகுதான் என் தொட்டிகள் நிலைத்தன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த அனுபவத்தில் வந்தவை.

கேள்வி: அண்ணா, வேளச்சேரி பக்கம் வீடு. டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டுகிறது. இதில் மீன் பிழைக்குமா?

பதில்: தம்பி, 900 என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டாலும் அது ஏறும், கடினத்தன்மை ஏறாது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும்தான். அதைப் பார்க்க ஜி.எச். டெஸ்ட் கிட் வாங்குங்கள். கே.எச்.சும் (கார்பனேட் அளவு) பாருங்கள், பி.எச். ஆடாமல் நிற்பது அதனால்தான். ஜி.எச். ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு. 12 டிகிரிக்கு மேல் போனால் கடினத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) மாட்டியிருந்தால் கவனம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, டி.டி.எஸ். குறையவே குறையாது. தொட்டிக்கு சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில் பிடியுங்கள்.

கேள்வி: சார், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. ஜி.எச். 16, பி.எச். 8. பிள்ளைகள் பார்த்து ரசிக்கக் கலர் கலராக வேண்டும், சண்டை கூடாது. என்னென்ன சேர்க்கலாம்?

பதில்: உங்களுக்குக் கொடுத்து வைத்த தண்ணீர். தொட்டி சுமார் 190 லிட்டர் வரும், தாராளம்.

மோலியிலிருந்து தொடங்குங்கள். மெக்சிகோ கடலோரப் பகுதிகளைச் சேர்ந்த மீன் அது. மென்மையான தண்ணீரில் விட்டால் நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். உங்கள் வீட்டில் அந்தக் கவலை இல்லை. மோலி ஐந்து, பிளாட்டி ஆறு போதும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று விடுங்கள். இல்லையென்றால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீன் மெலிந்துவிடும்.

ஆனால் இவை மாதாமாதம் குட்டி போடும். பெண் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு முறை சேர்ந்தாலே ஆணின் விந்தணுவைப் பல மாதம் உடம்பில் வைத்திருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். குட்டிகளுக்கு இடம் இல்லையென்றால் எல்லாமே ஆணாக வாங்கிவிடுங்கள். மோலிக்குப் பதில் ஆண் கப்பி பத்து விட்டால் தொட்டியே பூத்த மாதிரி இருக்கும். பிளாட்டியையும் சோர்ட்டெயிலையும் சேர்த்தால் கலப்புக் குட்டி வரும், கப்பியும் அதன் உறவான எண்ட்லரும் அப்படியே. ரகம் சுத்தமாக வேண்டும் என்றால் சேர்க்காதீர்கள்.

மேல்மட்டத்தில் ஓட எட்டு ஜீப்ரா டேனியோ. நம் நாட்டு மீன், எந்தத் தண்ணீருக்கும் சட்டென்று பழகிவிடும். அடியில் பாசி தின்னும் பிரிஸ்டில்நோஸ் மீன் ஒன்று, நாலைந்து நெரைட் நத்தை. நத்தை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், உங்கள் தண்ணீரில் ஓடு அரிக்காது. கடல் உப்பில்லாத நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது என்பதால் பெருகியும் தொல்லை தராது.

டைகர் பார்ப் வேண்டாம், வாலைக் கடிக்கும். ஃபைட்டரும் வேண்டாம், கப்பியின் வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும். பின்னாளில் நாலடித் தொட்டிக்குப் போனால் பொசமானி ரெயின்போ ஆறு வாங்குங்கள். இந்தோனேசியாவில் நியூகினித் தீவின் அயமாரு ஏரிப் பகுதி மீன், கடினத் தண்ணீரில் நிறம் அள்ளும்.

கேள்வி: நியான் டெட்ரா? கடைக்காரர் "நம்ம தண்ணிக்குப் பழகின மீன்தான்" என்கிறாரே.

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சென்னையில் மீன் பண்ணைகள் உள்ள கொளத்தூர் பக்கம் போர் தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஏஞ்சல் மீன் நம் வீட்டில் நன்றாகவே வாழும். எங்கே பிறந்தது, கடைத் தொட்டியில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நியான் அமேசான் காட்டு ஓடைகளின் மீன். அங்கே தண்ணீரில் கால்சியம் ஏறக்குறைய இல்லை. முதல் வருடம் இருபது நியான் வாங்கினேன், மூன்று மாதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் கடினத்தன்மையும் பாதியாகும். டெட்ராவுக்கென்று தனித் தொட்டி வைத்து அப்படிச் செய்யுங்கள். மோலியையும் நியானையும் ஒரே தொட்டியில் வைத்தால் இரண்டில் ஒன்று கஷ்டப்படும்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறது. தொட்டிக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடினத் தண்ணீர் மீன்தான் வாங்கினேன் அண்ணா. புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து மோலி விட்டேன். ஐந்தாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து செத்துப்போயின. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: தண்ணீர் ஒத்துக்கொண்டது, அம்மோனியா கொன்றுவிட்டது. போர் தண்ணீர்க்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் ஒரு பங்குதான் விஷமாக இருக்கும், மீதி அவ்வளவு கெடுதல் இல்லை. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அந்த விஷப் பங்கு அரை சதவீதம். பி.எச். 8 என்றால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். அதே அளவு அழுக்கு, பத்து மடங்கு விஷம். நம் ஊர் மே மாத வெயிலில் இன்னும் கூடும்.

ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஊற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் ஆகும். அம்மோனியா கிட்டில் பூஜ்யம் வந்த பிறகு மூன்று நான்கு மீனாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இந்த முறை தவறாது, மனதைத் தளரவிடாதீர்கள்.

கேள்வி: பி.எச். இறக்கும் மருந்து ஊற்றலாமா?

பதில்: கே.எச். அதிகம் உள்ள தண்ணீரில் இறங்கும், மறுநாள் ஏறும். அந்த ஊஞ்சல்தான் மீனைக் கொல்லும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: மலாவி சிக்லிட்டும் கடினத் தண்ணீர் மீன்தானே, மோலியோடு விடலாமா?

பதில்: தண்ணீர் ஒத்துப்போகும், குணம் ஒத்துப்போகாது. அதில் பல வகை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறையில் ஒட்டிய பாசியைத் தின்று, அந்தப் பாறைக்காகச் சண்டை போட்டு வாழும். மோலியைக் கிழித்துவிடும். அதற்குத் தனித் தொட்டி, நிறையக் கல், பாசி சேர்ந்த தீனி.

கேள்வி: கண்ணாடியைச் சுத்தம் செய்ய சக்கர் மீன்?

பதில்: ஒன்றரை அடி வளரும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டால் நம் ஊர் மீன்களுக்குத்தான் கேடு, தயவுசெய்து விடாதீர்கள். மேலே சொன்ன பிரிஸ்டில்நோஸ் அரை அடியைத் தாண்டாது.

கேள்வி: வெயிலில் தண்ணீர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன். சரியா?

பதில்: ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். நிரப்பிக்கொண்டே போனால் 16 டிகிரி சில மாதத்தில் 25 ஆகும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர். எங்கள் ஊர் மீனே ஏதாவது வளர்க்கலாமா?

பதில்: இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன். ஆரஞ்சு குரோமைடு வளருங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் களப்பு, கழிமுகங்களில் வாழும் சிக்லிட் இனம், மூன்று அங்குலம்தான். உங்கள் கிணற்றுத் தண்ணீரே அதற்குப் பிடிக்கும். குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் சேர்ந்து கூட்டிக்கொண்டு திரியும். ஐந்தாறு வாங்கிப் பெரிய மோலிகளோடு விடுங்கள். கப்பிக் குட்டிகள் இருக்கும் தொட்டியில் மட்டும் விடாதீர்கள், ஒன்றையும் மிச்சம் வைக்காது.