மனத்தைப் படிக்கும் படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் தேறியிருக்கிறாள். பி.எஸ்சி. உளவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். உறவினர்களோ, "புத்தி கலங்கியவர்களோடு காலம் தள்ளவா பெண்ணை அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் என்னதான் சொல்லித்தருவார்கள்?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

உங்கள் உறவினர்கள் மனத்தில் வைத்துப் பேசுவது, இளநிலைப் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் ஓரிரு தாள்களாக மட்டுமே இடம்பெறும், மனநோய்களைப் பற்றிய பிறழ்நிலை உளவியலை. மற்றவை யாவும் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களைப் பற்றியவை. கண்ணும் காதும் தரும் செய்தியை மூளை எவ்வாறு பொருள்படுத்துகிறது, படித்தது ஏன் மறக்கிறது, குழந்தை எந்த வரிசையில் பேசக் கற்கிறது, தனியாக இருக்கும்போது ஓடிப்போய் உதவுகிறவர் கூட்டத்தில் ஏன் தயங்கி நிற்கிறார் என்பன போன்ற கேள்விகளே பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், உடலியல் உளவியல் என்று தாள்களாகப் பிரிந்திருக்கின்றன. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வகம் அமைத்த காலத்திலிருந்தே இது சோதித்துப் பார்க்கும் துறையாக வளர்ந்துவந்திருக்கிறது. நம் நாட்டிலும் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இலேயே இதற்கெனத் தனித் துறை தொடங்கிவிட்டது.

பிராக்டிகல் வகுப்பில் நடப்பதில் ஒன்றைச் சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும். இரட்டைக் கோடுகளால் ஆன நட்சத்திரப் படம் மேசைமீது இருக்கும். கை தெரியாதபடி ஒரு தடுப்பு மறைத்திருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கோடுகளுக்கு நடுவே பிசகாமல் வரைய வேண்டும். முதல் முறை கை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகும். வலக்கையால் பலமுறை பழகிய பிறகு, அவ்வளவாகப் பழகாத இடக்கையால் வரையச் சொன்னால், அதுவும் முன்பைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் வரைகிறது. அப்படியானால் கற்றல் விரலில் மட்டும் தங்குவதில்லை என்பதை மாணவி தன் கையாலேயே கண்டறிகிறாள். ஆன நேரத்தையும் செய்த பிழைகளையும் ரெக்கார்டு நோட்டில் பதிந்து, அட்டவணை போட்டு, முடிவு எழுதுகிறாள். மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ இந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

வணிகவியல் படித்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும் கல்லூரியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மகளைத் தயங்காமல் படிக்கவையுங்கள்.

மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசையில் உளவியலில் சேர்ந்தேன். ஆனால் செமஸ்டர்தோறும் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் விரட்டுகின்றன. இவை எதற்கு?
– இரண்டாம் ஆண்டு மாணவர், வில்லியனூர்

எதற்கு என்பதை நம் கரையோரத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அதன்பின் காற்றடித்தாலே அழும் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியில் விளையாட்டும் ஓவியமும் கொண்டு மூன்று மாதம் பயிற்சி தந்தார்கள், முடிவில் பயம் பெரிதும் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிதான் பயத்தைப் போக்கியது என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் பயம் நாள்பட நாள்படத் தானாகவும் தணியக்கூடியது. வீடு சீரானதும், அப்பா மறுபடி வேலைக்குப் போனதும்கூடக் காரணமாயிருக்கலாம். பயிற்சி பெறாத, அதேபோல் பாதிக்கப்பட்ட வேறு குழந்தைகளோடு ஒப்பிட்டு, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் எதையும் பொறுப்போடு சொல்ல முடியும். அந்த ஒப்பீட்டை அமைக்கச் சொல்லித்தருவது ஆய்வு முறை. அந்தக் கணக்கைப் போடச் சொல்லித்தருவது புள்ளியியல்.

இதைக் கல்லாதவர், பயனில்லாத பயிற்சியை ஊர் ஊராக நல்லெண்ணத்தோடு நடத்திக்கொண்டே இருப்பார். உதவி தேவைப்பட்ட குழந்தைக்கு அது கிடைக்காமலே போகும். மனிதர்மீது உங்களுக்குள்ள அக்கறை உண்மையானது என்றால், புள்ளியியலை அந்த அக்கறையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, உங்கள் வகுப்பு நண்பர்களின் தூக்க நேரத்தை ஒரு வாரம் குறித்து, சராசரியும், அதிலிருந்து நேரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் கையால் போட்டுப் பாருங்கள். பாதி அச்சம் அங்கேயே விலகும்.

பிறழ்நிலை உளவியல் தாள் தொடங்கியதிலிருந்து, படிக்கும் நோயெல்லாம் எனக்கே இருப்பதாகத் தோன்றுகிறது. அப்பாவின் கோபத்துக்கும் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். வீட்டில் பெரிய சண்டை.
– ஒரு மாணவி, லாசுப்பேட்டை

மருத்துவ மாணவர்களுக்கும் இந்த மயக்கம் வருவதுண்டு. பாடநூலில் உள்ள அறிகுறிகளில் பல, எல்லா மனிதரிடமும் சிறிதளவு இருப்பவை என்பதே காரணம். பெரும் மனச்சோர்வு என்று முடிவு செய்வதற்கு, வரையறுத்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் ஏறக்குறைய நாள்தோறும் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் மனத்தளர்ச்சியோ எதிலும் ஈடுபாடின்மையோ ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைக் குலைக்குமளவு அது கடுமையாகவும் இருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் உறக்கம் வராதது இதில் சேராது.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நோயின் பெயரைச் சூட்ட இளநிலை மாணவருக்கு உரிமையும் இல்லை, பயிற்சியும் இல்லை. அதிலும் வீட்டாரைக் கணிப்பதைப் பயிற்சி பெற்றவர்களே தவிர்க்கிறார்கள். ஆனால் துயரம் உண்மையிலேயே வாரக்கணக்கில் நீடித்தால் பாடநூலோடு போராட வேண்டாம். அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணாகிய டெலி மானஸ் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறையும் இருக்கிறது.

பி.எஸ்சி. முடித்ததும் கடலூரில் ஆலோசனை மையம் திறக்கலாமா? தொலைநிலைக் கல்வியில் படித்தால் போதுமா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

இரண்டும் வேண்டாம். மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, அதற்குரிய மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவும் தேவை. மருந்து எழுதித்தருகிற மனநல மருத்துவரோ எம்.பி.பி.எஸ். முடித்து அத்துறையில் மேற்படிப்புப் படித்தவர். உளவியல் இளநிலைப் பட்டம் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கான முதற்படிக்கு மட்டுமே உங்களைக் கொண்டுசேர்க்கும். தொலைநிலை, இணையவழி முறைகளில் உளவியல் படிப்புகளுக்கு 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருப்பதால், நேரில் சென்று படிக்கும் கல்லூரியையே தேடுங்கள். மேற்கொண்டு படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை: சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறையும் உள்ளன. எந்தப் படிப்பில் சேர்வதற்கும் முன்பு, அது எந்தப் பணிக்குப் பதிவுபெறத் தகுதி தரும் என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள்.