அப்பாவின் பெர்மிட் காணி காடாகிவிட்டது: வெட்டித் துப்புரவாக்கலாமா?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் எங்கள் அப்பாவுக்கு 1984இல் மூன்று ஏக்கர் மேட்டுக்காணி அரசாங்க பெர்மிட்டில் கிடைத்தது. 2006இல் இடம்பெயரும் வரை கச்சானும் சோளமும் செய்தோம். திரும்பி வந்தும் கையில் காசில்லாமல் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது பாலையும் வீரையுமாக அடர்ந்து கிடக்கிறது. ஒரு பக்கத்தில் சிறு குளம் இருக்கிறது. டோசர் பிடித்து வெட்டலாம் என்று போனால், வன இலாகா நட்ட எல்லைக்கல் ஒன்று காணிக்குள் நிற்கிறது. "இது காடு, கை வைத்தால் வழக்கு" என்கிறார்கள். அப்பா இருக்கிறார், பெர்மிட்டும் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் வெட்டலாமா?

பதில்: சகோதரி, டோசருக்கு முற்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பெர்மிட் உயிரோடு இருந்து, காணி வர்த்தமானியில் அறிவித்த வன எல்லைக்கு வெளியே இருந்தால், நீங்கள் அங்கே மறுபடி பயிர் செய்ய வழி உண்டு. ஆனால் பெர்மிட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கே மரத்தை வீழ்த்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் எதிரிக் கூண்டில் நிற்பது அப்பாவாகத்தான் இருக்கும்.

பயிர் செய்யாமல் காடாகக் கிடக்கும் நிலம், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, அரசுக்கு உரியது என்றே இலங்கையில் கருதப்படுகிறது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி இது. நிரூபிக்கும் சுமை உரிமை கோருபவர் தலையில். அதோடு, 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட், அளிப்புப் பத்திரமாக மாறும் வரை, உறுதிக் காணிக்குச் சமமில்லை. இருந்து பயிர் செய்யும் உரிமையைத் தருகிறது, நிலம் அரசுடையது. அதில் நிற்கும் காட்டு மரமும் உங்கள் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். பெர்மிட்டின் பின்பக்க நிபந்தனைகளை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை.

ஆகவே, 2006க்கு முன் அது பயிர் நிலம்தான் என்று காட்டும் சான்றுகளைச் சேர்ப்பதுதான் இப்போது உங்கள் முதல் வேலை. பழைய கிணறு, வீட்டு அத்திவாரம், அப்பா வைத்த மா, தென்னை, புளி எல்லாம் சாட்சி. தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கமநல சேவை நிலையத்துப் பழைய பதிவு, உர மானியப் பதிவு, வாக்காளர் இடாப்பு, இடம்பெயர்ந்தபோது கிடைத்த அட்டை, கிராம அலுவலரின் கடிதம், எதையும் விடாதீர்கள். நில அளவைத் திணைக்களத்தில் அந்தக் காலத்து வான்படம் கிடைத்தால் அதற்கு மேல் பலமான சான்று இல்லை. இவ்வளவு வருடம் பயிர் செய்யாததைக் காட்டி பெர்மிட்டை ரத்துச் செய்ய முனைந்தாலும், முதலில் அறிவித்தல் கொடுத்து உங்களிடம் காரணம் கேட்க வேண்டும். போரால் இடம்பெயர்ந்தது நியாயமான காரணம். அதைக் காட்ட இதே கடதாசிகள்தான் உதவும்.

சரி, எல்லைக்கல். ஒரு கல் நட்டுவிட்டதால் மட்டும் நிலம் ஒதுக்குக் காடு, அதாவது சட்டப்படி ஒதுக்கிவைத்த அரச காடு, ஆகிவிடாது. வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கட்டளையிட்டு, அது வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட வன அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். எந்த வர்த்தமானி, எந்தத் தேதி, எல்லையின் ஜி.பி.எஸ். புள்ளிகள் எவை, எல்லையிடும்போது இந்தப் பெர்மிட் காணி கவனத்தில் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, பதிலையும் தமிழில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் வந்ததும், உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு, பெர்மிட்டில் உள்ள வரைபட இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் வர்த்தமானி எல்லையோடு பொருத்திப் பாருங்கள். செலவுதான், ஆனால் இந்தச் செலவைத் தவிர்த்தவர்கள் வழக்குக்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

காணி எல்லைக்குள் விழுந்தால் ஒரு செடியும் வெட்ட வேண்டாம். பெர்மிட் வர்த்தமானிக்கு முந்தியது என்ற அடிப்படையில், பிரதேச செயலாளர் ஊடாக விடுவிப்புக் கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுப் போடலாம். வெளியே விழுந்தாலும் உடனே வெட்டிவிட முடியாது. ஒதுக்குக் காடு அல்லாத அரச காட்டிலும் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். இந்த மிகுதிக் காடுகளை 2001இன் ஒரு சுற்றறிக்கை வன இலாகாவின் கையில் கொடுத்தது. 2020இல் இன்னொரு சுற்றறிக்கை அதைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்கள் பக்கம் மாற்றியது, அது நீதிமன்றம் வரை போனது. இந்த இழுபறிக்குள் நீங்கள் அகப்படத் தேவையில்லை. பிரதேச செயலாளரிடமும் மாவட்ட வன அதிகாரியிடமும் தனித்தனியே எழுத்தில் ஆட்சேபனை இல்லை என்று வாங்குங்கள். வாய்ப்பேச்சு அனுமதி நீதிமன்றத்தில் நிற்காது.

உங்கள் மூன்று ஏக்கரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24ஆம் தேதிய 772/22 இலக்க வர்த்தமானிப்படி, முன் அனுமதி பெற வேண்டிய திட்டம். மூன்று ஏக்கரும் "காடு" என்று வைத்தால் நீங்கள் அந்த வரம்பைத் தாண்டுகிறீர்கள். கைவிட்ட பயிர் நிலம் என்று நிறுவினால் இந்தக் கேள்வியே வேறு. மேலே சொன்ன சான்றுகள் இங்கேயும் தேவைப்படும். எப்படியும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். இந்த வருடம் ஒன்றரை ஏக்கர், அடுத்த வருடம் ஒன்றரை ஏக்கர் என்று பிரித்து வெட்டச் சொல்லும் ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனிக் குளத்துப் பக்கம். குளத்தின் ஒதுக்கு நிலம் உங்கள் பெர்மிட்டுக்குள் அடங்காது. குளம், அணைக்கட்டு, வாய்க்கால், அவற்றின் ஒதுக்கு எல்லாம் 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே அத்துமீறிப் பயிர் செய்தால் குற்றம். கமநல உத்தியோகத்தரையும் கமக்காரர் அமைப்பையும் கூட்டி, ஒதுக்கு எதுவரை என்று கட்டையடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கரையில் நிற்கும் மருதும் நாவலும் பற்றையும் சும்மா நிற்கவில்லை. மாரி மழையில் மேட்டு மண் குளத்துக்குள் இறங்காமல் பிடிப்பவை அவை. அணைக்குக் கீழே நிற்கும் மரங்கள் கசிவு நீரின் உப்பு வயலுக்குப் போகாமல் தடுக்கின்றன. எங்கள் மாவட்டத்துச் சிறு குளங்கள் தூர்ந்து போனதில் கரை மரங்களை வழித்ததற்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ஒதுக்குக்கு வெளியே உங்கள் நிலத்திலும் குளத்தோரமாக ஒரு பட்டை மரங்களை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அனுமதி கேட்கும் கடிதத்தோடு "இந்தப் பகுதி துப்புரவாக்க, இந்தப் பகுதி மரத்தோடு விட" என்று ஒரு வரைபடம் வைத்தால், அதிகாரி கையெழுத்திடத் தயங்குவது குறையும். பறவைக்கும் உடும்புக்கும் இடம் மிஞ்சும், உங்கள் கிணற்றுக்கும் நல்லது.

மரங்களில் பற்றை, சூரை, காரை ஒரு வகை. முதிர்ந்த பாலை, வீரை, முதிரை, கருங்காலி வேறு வகை. இரண்டாவது வகையை எண்ணிக் குறித்து, எவை வீழ்த்தப்பட வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். வீழ்த்திய மரத்தை ஏற்றிப் போகத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். வெட்ட அனுமதி இருந்தும் லொறியில் ஏற்றியபோது மாட்டியவர்கள் உண்டு. பலா, ஈரப்பலா, பெண் பனை நின்றால் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்க மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழும் அனுமதி எடுக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு திணைக்களமும் வருகிறது. 1970இல் அறிவிக்கப்பட்ட சேருவில–அல்லை சரணாலயத்துக்குள் காணி இருக்கிறதா என்று வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள். சரணாலயத்துக்குள் அரச காணியைப் பயிருக்காக வெட்டித் திறப்பது தடை, பெர்மிட் காணி அரச காணி என்பதை மறக்க வேண்டாம். சோமாவதி போன்ற தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி தேவை. யானைக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யானை செத்தாலும் வழக்கு, மனிதர் செத்தாலும் வழக்கு. தீ வைத்துத் துப்புரவாக்குவதும் வேண்டாம், பக்கத்து அரச காட்டுக்குத் தாவினால் பொறுப்பு உங்களுடையது.

எல்லாக் கடிதமும் வந்த பிறகு டோசரைக் கூப்பிடுங்கள். அப்போதும் கடிதங்களின் பிரதியை ஓட்டுநர் கையில் கொடுங்கள். வனக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் பாவித்த வாகனமும் பறிமுதலாகும். கூலிக்கு வந்தவரின் பிழைப்பும் அதில் தொங்குகிறது.

இடையில் அதிகாரிகள் வந்து வாக்குமூலம் கேட்டால், மரியாதையாகப் பேசுங்கள், பெர்மிட்டின் பிரதியை மட்டும் காட்டுங்கள், மூலத்தைக் கொடுக்க வேண்டாம். அப்பாவுக்கு விளங்காத மொழியில் எழுதிய எதிலும் அவர் கையெழுத்திடக் கூடாது. காணியிலிருந்து வெளியேற்றினால் அன்றைய தேதியைக் குறித்துவையுங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அப்பாவின் பெர்மிட்டோடும் வருமானச் சான்றோடும் போங்கள்.