பிளேயர் பெயரைத் தேடாது, முகவரியைத் தேடும்: டிவிடி ஃபோல்டர் கேள்வி பதில்

வீட்டு வீடியோக்களை டிவிடியில் பதியும் முன் ஃபோல்டரை எப்படி அமைப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஐயா, செல்பேசியில் எடுத்த எம்பி4 ஃபைல்களை ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் போட்டுப் பதிந்தேன். பிளேயர் ஏற்க மறுக்கிறது. ஏன்?

பெயர் வைத்ததால் மட்டும் ஒரு ஃபோல்டர் டிவிடி வீடியோ ஆகிவிடாது. அதற்குள் இருக்க வேண்டியவை ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் ஃபைல்கள். படமும் ஒலியும் விஓபியில் இருக்கும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு ஐஎஃப்ஓவில் இருக்கும். அந்தக் குறிப்பின் மாற்றுப் பிரதிதான் பியூபி. படம் பொதுவாக எம்பெக்-2 என்ற சுருக்க முறையில், 720×576 அல்லது 720×480 அளவில் இருக்கும். படத்துக்கான வேகம் நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது; நான் 8-ஐத் தாண்டவே விடுவதில்லை. டிவிடி உருவாக்கும் மென்பொருளிடம் எம்பி4-ஐக் கொடுங்கள், இந்த ஃபோல்டரை அதுவே கட்டித் தரும். தந்த பிறகு அதற்குள் கை வைக்காதீர்கள்.

ஒரே படம் நான்கு விஓபி ஃபைல்களாக உடைந்திருக்கிறது. ஒன்றாகச் சேர்க்கலாமா?

கூடாது. ஒரு விஓபி 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பிளேயர் இடைவெளி தெரியாமல் தொடர்ந்து ஓட்டும்.

ஃபோல்டரைத் தரவு டிவிடியாக, அதாவது சாதாரண ஃபைல்களைச் சேமிக்கும் முறையில், இழுத்துப் போட்டுப் பதிந்தால் போதாதா? நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். கணினியில் நன்றாக ஓடுகிறது.

கணினியில் ஓடுவது சான்று ஆகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கணினி ஃபைலைப் பெயரால் தேடி எடுக்கிறது. பல பிளேயர்கள் அப்படிச் செய்வதில்லை. ஐஎஃப்ஓவுக்குள் ‘இங்கிருந்து இத்தனையாவது செக்டரில் படம் தொடங்குகிறது’ என்று எழுதியிருக்கும். செக்டர் என்பது வட்டில் வரிசையாக எண்ணிடப்பட்ட ஒரு சிறு பகுதி. பிளேயர் அந்த எண்ணை எண்ணிக்கொண்டு நேராக அங்கே போய் நிற்கும். அங்கே வேறு ஃபைல் இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

வட்டில் இருக்க வேண்டிய வரிசை இது: முதலில் ஐஎஃப்ஓ, பிறகு மெனு, பிறகு படத்தின் விஓபிகள், கடைசியில் பியூபி. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கினால் பியூபியின் ‘பி’ (B) என்ற எழுத்து ஐஎஃப்ஓவின் ‘ஐ’ (I) என்ற எழுத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. மாற்றுப் பிரதி மூலத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், எல்லா முகவரியும் பிசகிவிடும். சில மென்பொருள்கள் தரவு முறையிலும் வரிசையைச் சரிசெய்துவிடும், சில செய்யாது. ‘டிவிடி வீடியோ’ என்ற முறையைத் தேர்ந்தால் இந்தக் கவலையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. டிவிடியில் 2,048 பைட் கொண்ட செக்டர்கள் பதினாறு சேர்ந்து 32 கேபி அளவுள்ள ஒரு பிழைதிருத்தக் கட்டாக இருக்கும். மெனு இல்லாத வட்டில் முதன்மை ஐஎஃப்ஓவும் அதன் பியூபியும் அடுத்தடுத்து வரும். இரண்டும் ஒரே கட்டுக்குள் விழுந்தால் ஒரே கீறலில் இரண்டும் போய்விடும். வீடியோ முறை இடையில் வெற்று செக்டர்களை நிரப்பி அவற்றைப் பிரித்து வைக்கிறது.

‘ஆடியோ_டிஎஸ்’ ஃபோல்டர் காலியாக இருக்கிறது. நீக்கலாமா?

விதிப்படி அது தேவையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் தடுமாறும் பழைய பிளேயர்கள் உண்டு. இருக்கட்டும்.

அண்ணா, வட்டில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது. 4.5 ஜிபி ஃபோல்டர் ஏன் கொள்ளவில்லை?

உறையில் இருப்பது ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு. 1,024-ஆல் கணக்கிடும் கணினியில் அதே வட்டு 4.38 ஜிபிதான். அதையும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், நான் 4.2-இல் நிறுத்திக்கொள்கிறேன். டிவிடி உள்ளிருந்து வெளியே பதியப்படுவதால் படத்தின் கடைசிப் பகுதி வெளி ஓரத்துக்குப் போகிறது. கைபடுவதும் கீறல் விழுவதும் அங்கேதான். தம்பி மகள் முதன்முதலாக நடந்த காட்சியைக் கடைசியில் வைத்து, வட்டை முழுக்க நிரப்பி, மேலே காகித லேபிளும் ஒட்டிவிட்டேன். ஓரத்தில் லேபிள் லேசாகத் தூக்கிக்கொண்டது. அவள் இரண்டு அடி எடுத்து வைத்ததும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும். மூல கேசட் இருந்ததால் மீட்டேன். காகித லேபிள் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப்பில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை. என்ன செய்ய?

மூன்றாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். ‘ஃபைனலைஸ்’ செய்தீர்களா, அதாவது மற்ற கருவிகள் படிக்கும்படி பதிவை முடித்து வைத்தீர்களா என்றும் பாருங்கள்.

புளூரேக்கு ஃபோல்டர் எப்படி அமைப்பது?

அதன் அமைப்பு முற்றிலும் வேறு. அதில் பழகியவரைக் கேளுங்கள்.

விஓபி ஃபைல்களுக்குக் ‘கல்யாணம்-1’, ‘கல்யாணம்-2’ என்று பெயர் மாற்றலாமா?

கை வைக்காதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். ஃபைல் பெயர்கள் விதிப்படி அமைந்தவை. கல்யாணம் என்பதை வட்டின் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். என் வட்டுகள் இரண்டு பிளேயர்களில் ஓடுகின்றன.

ஓடட்டும், மகிழ்ச்சி. பெயரால் தேடும் பிளேயர்களும் உண்டு, உங்களுடையவை அப்படி இருக்கலாம். நாளை அவை பழுதாகி வேறு வாங்கும்போது அந்த வட்டுகளின் கதி என்ன? ஃபைல்களின் தொடக்க செக்டர் எண்ணைக் காட்டும் மென்பொருளில் ஒரு வட்டைத் திறந்து பாருங்கள். பியூபியின் எண் ஐஎஃப்ஓவின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் நான் சொன்னது உங்கள் கண்முன்னே இருக்கும்.

லேப்டாப்பில் ஓடும் டிவிடி, டிவியில்...

மூன்றாம் கேள்வி. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பார்த்தேன். பதினொரு வட்டுகளில் ஏழில் பியூபி முன்னால் இருக்கிறது. இனி என்ன செய்வது?

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. படம் கெடவில்லை, பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வட்டிலிருந்தும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். வீடியோ முறையில், 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் புதிய வட்டில் பதியுங்கள். ‘சரிபார்’ என்ற கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். முதல் வட்டை உங்களுடையது அல்லாத ஒரு பிளேயரில் கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்ற ஆறுக்குப் போகலாம்.