கல்லாச் சாவி யாரிடம்? ஈவ் ஆன்லைன் முதலீட்டுக் கேள்வி பதில்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய ஆட்டத்தில் புழங்கும் பணமான இஸ்க் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணம் போன பிறகு எழுதப்பட்டவை. அனுப்புவதற்கு முன் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன், இம்முறையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டத்தின் சந்தை மையமான ஜிட்டாவில், லோக்கல் என்ற பொது அரட்டையில் ஒருவர், அனுப்பும் இஸ்க்கை இரட்டிப்பாக்கித் தருகிறார். 1 மில்லியன் அனுப்பினேன், 2 மில்லியன் வந்தது. இப்போது 500 மில்லியன் அனுப்பலாமா? (ஈரோட்டு வாசகர்)

அனுப்பக் கூடாது. உங்களுக்கு வந்தது தூண்டிலில் கோத்த புழு. லோக்கலில் "வந்துவிட்டது, நன்றி" என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவருடைய ஆல்ட்டுகளே, அதாவது அவரே இயக்கும் மாற்றுப் பாத்திரங்கள்.

'ரேவன் நேவி இஷ்யூ' என்ற உயர் ரகக் கப்பலின் பெயரைத் தலைப்பாக இட்ட விற்பனைக் கான்ட்ராக்ட்டை ஏற்றேன். ஹேங்கரில் பார்த்தால் சாதாரண ரேவன் நிற்கிறது. அவசரத்தில் உள்ளே பார்க்கவில்லை. ஆட்டத்தை நடத்தும் சிசிபி நிறுவனத்திடம் முறையிட்டால் இஸ்க் திரும்புமா? (திருச்சி வாசகர்)

திரும்பாது. கான்ட்ராக்ட்டின் தலைப்பு விற்பவர் தம் விருப்பப்படி தட்டச்சு செய்யும் குறிப்பு. நீங்கள் பெறப்போகும் பொருள் அதற்குக் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது, அந்தப் பட்டியல் பொய் சொல்வதில்லை. அவசரம் என்கிறீர்கள், விற்பவர் அந்த அவசரத்தை நம்பித்தான் கடை விரித்திருக்கிறார். நானும் ஒரு வாரக் கடைசி இரவில், 180 மில்லியன் என்று லோக்கலில் கூவப்பட்ட கப்பலை 1,800 மில்லியனுக்கு வாங்கியவன்தான். அன்றிலிருந்து விலையைப் படிப்பதில்லை, காற்புள்ளிகளை எண்ணுகிறேன்: இரண்டு இருந்தால் மில்லியன், மூன்று இருந்தால் பில்லியன், மூன்றாவது காற்புள்ளி கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து பார்க்கிறேன்.

எங்கள் கார்ப்பில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் நிறுவனம்) உள்ள நண்பர் நடத்தும் நிதியில் 20 பில்லியன் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு 4 விழுக்காடு. 5 மாதமாக ஒரு வாரமும் தவறியதில்லை. கணக்கை வேறு மூவர் சரிபார்க்கிறார்கள். மேலும் 60 பில்லியன் போடலாம் என்றிருக்கிறேன். (மதுரை வாசகர்)

'ஒரு வாரமும் தவறியதில்லை' என்ற இந்த ஒரு வாக்கியம் என் கடிதப் பெட்டிக்கு எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்கு வைத்திருந்தால் அதற்கே தனிக் கோப்பு தேவைப்பட்டிருக்கும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கூட்டிப் பாருங்கள். 20 பில்லியனுக்கு 4 விழுக்காடு என்றால் வாரம் 800 மில்லியன். 5 மாதத்தில் ஏறத்தாழ 17 பில்லியன். நீங்கள் கொடுத்ததோ 20. அதாவது, 25ஆவது வாரம் முடியும் வரை உங்கள் கைக்கு வருவது உங்கள் இஸ்க்கின் துண்டுகளாகவே இருக்கலாம்; அதுவரை நண்பர் வணிகம் என்று ஒன்றுமே செய்யாமல் உங்கள் பணத்தையே உங்களுக்குத் தவணையாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியும், இன்றைக்கும் அவரிடம் ஏறத்தாழ 3 பில்லியன் மிச்சம் இருக்கும். வட்டியை எடுக்காமல் மறுபடி அதிலேயே போட்டிருந்தால் உங்கள் கைக்கு அந்தத் துண்டுகளும் வரவில்லை. அடுத்து, வாரம் 4 விழுக்காட்டைக் கூட்டு வட்டியாகப் போட்டால் ஓர் ஆண்டில் போட்ட முதல் ஏழரை மடங்குக்கு மேல் ஆகிறது. இவ்வளவு ஈட்டத் தெரிந்தவர் தம் சொந்த இஸ்க்கைப் பெருக்கிக்கொள்ளாமல் உங்களிடம் ஏன் வந்து நிற்கிறார்?

இந்தக் கதை ஈவுக்குப் புதிதல்ல. ஆட்டம் 2003இல் தொடங்கியது. 2006இலேயே ஈவ் இன்டர்கேலக்டிக் பேங்க் என்ற 'வங்கி'யை நடத்தியவர் ஏறத்தாழ 790 பில்லியனோடு வெளியேறி, எப்படிச் செய்தேன் என்று காணொளியும் வெளியிட்டார். 2010இல் டைட்டன்ஸ்-ஃபோர்-யூ என்ற பங்கு முயற்சியில் 850 பில்லியன் அளவுக்குப் போயிற்று. 2011இல் ஃபேசர் இன்க். வாரம் 5 விழுக்காடு தருவதாகச் சொல்லி 1 டிரில்லியனுக்கு மேல் சேர்த்துக்கொண்டு மூடியது. நடத்திய இருவரும் இது தொடக்கம் முதலே ஒரு பான்சி (புதியவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுக்கும் மோசடி) என்று தாங்களே எழுதிவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்டவற்றில் பணம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கும். வராத இடத்தில் யார் போடுவார்கள்?

இனி உங்கள் மூவர். சரிபார்ப்பவர்கள் பார்க்க முடியும், பிடிக்க முடியாது. நேற்று இரவு வாலட்டில் இஸ்க் இருந்தது என்று அவர்கள் உண்மையாகவே சான்றளிக்கலாம். இன்று காலை அது எங்கே என்பதற்கு அவர்கள் பொறுப்பல்ல. நான் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கல்லாச் சாவி யாரிடம்? ஒரே ஒருவர் ஒரே ஒரு பொத்தானில் முழுத் தொகையையும் தம் ஆல்ட்டுக்கு மாற்ற முடியுமானால், சுற்றி மூவர் நின்றாலும் முப்பது பேர் நின்றாலும் அது அவருடைய பணம்தான்.

நண்பர் நல்லவர் என்பீர்கள். இருக்கலாம். 2009இல் ஈபேங்க் வங்கியில் நடந்ததைப் பாருங்கள். அதற்கு இயக்குநர் குழு இருந்தது, பெயர் இருந்தது. அதன் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் 200 பில்லியனை எடுத்து வெளிச் சந்தையில் விற்று ஏறத்தாழ 6,300 ஆஸ்திரேலிய டாலராக மாற்றிக்கொண்டார். வீட்டுக்கான முன்பணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் என்றார். அவர் ஏமாற்றும் திட்டத்தோடு வங்கி தொடங்கியவர் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் நெருக்கடி வந்த வாரத்தில் சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான். செய்தி பரவியதும் மற்றவர்கள் தங்கள் இருப்பை எடுக்க ஓடினார்கள், பின்னர் கணக்குகளே முடக்கப்பட்டன. சிசிபி அவரை நீக்கியது, ஆனால் வைப்பாளர்களை ஏமாற்றியதற்காக அல்ல; இஸ்க்கை உண்மைப் பணத்துக்கு விற்றதற்காக. திருட்டு ஆட்டத்துக்குள் அனுமதிக்கப்பட்டது, விற்பனை அனுமதிக்கப்படாதது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டு பிறகு 'புகார் செய்யலாமா' என்று எழுதுங்கள்.

ஆகவே 60 பில்லியனைத் தொடாதீர்கள். இன்றே நண்பரிடம் முதலில் 15 பில்லியனைத் திருப்பிக் கேளுங்கள். வட்டியை அல்ல, முதலை. பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வையுங்கள். 'இப்போது எடுத்தால் உங்களுக்குத்தான் நட்டம்' என்று விடை வந்தால், என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

10 மாதமாக எங்களோடு இருக்கும் ஒருவருக்கு டைரக்டர் பொறுப்புக் கொடுக்கலாமா? மிகவும் உழைப்பவர். (கொழும்பு வாசகர்)

2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிக் குழு, உபிக்வா செராஃப் என்ற கார்ப்பை ஒழிக்க ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தது. அதன் ஆட்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து, உழைத்து, நம்பிக்கை பெற்று, தலைவியின் அருகிலேயே இடம் பிடித்தார்கள். ஒரே நாளில் ஹேங்கர்களைக் காலி செய்து அவருடைய கப்பலையும் வீழ்த்தினார்கள். மொத்த இழப்பு 30 பில்லியன், அன்றைய மதிப்பில் 16,000 அமெரிக்க டாலருக்கு மேல். 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியையே, கட்சி மாறிய ஒரு டைரக்டர் கலைத்துவிட்டார். உழைப்பு நல்ல குணம்தான், ஆனால் ஒற்றரும் உழைப்பார்.

டைரக்டர் பொறுப்பு என்பது பாராட்டுப் பத்திரம் அல்ல. எல்லாப் பூட்டுக்கும் பொதுவான சாவி. கார்ப்புக்கு 7 ஹேங்கர் பிரிவும் 7 வாலட் பிரிவும் தரப்பட்டிருப்பதே பிரித்துக் கொடுப்பதற்காகத்தான். அவருக்கு வேலைக்குத் தேவையான ஒரு பிரிவை மட்டும் திறந்து, அதில் போனால் தாங்கக்கூடிய அளவை மட்டும் வையுங்கள்.

ஈவில் எல்லாமே திருட்டு என்கிறீர்கள். வேறு ஆட்டங்களில் வங்கிகள் நாணயமாக நடக்கவில்லையா? (சிங்கப்பூர் வாசகர்)

எல்லாமே திருட்டு என்று நான் எங்கும் எழுதியதில்லை. எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் ஜிங்கோ ஃபைனான்ஷியல் என்ற வங்கி ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தந்தது. 2007 ஜூலையில் அதை நடத்தும் நிறுவனமான லிண்டன் லேப் சூதாட்டத்தைத் தடை செய்ததும் வைப்பாளர்கள் கூட்டமாகப் பணம் எடுக்க வந்தார்கள், ஜிங்கோவிடம் இல்லை. ஏறத்தாழ 7.5 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்பு காற்றோடு போயிற்று. 2008 ஜனவரியில் உரிய அரசு உரிமம் இல்லாத எவரும் அங்கே வட்டி தரக் கூடாது என்று நிறுவனமே விதி கொண்டுவந்தது.

ரூன்ஸ்கேப்பில் தம்பியின் கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு வைத்துத் தருவதாக ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். (சேலம் வாசகர்)

கவசத்துக்கு விளிம்பு வைக்கும் திறன் அந்த ஆட்டத்தில் இல்லை. விளிம்புள்ள கவசங்கள் புதையல் தேடலில் பரிசாகக் கிடைப்பவை. இந்த ஏமாற்று உங்கள் தம்பியின் வயதைவிட மூத்ததாகவும் இருக்கலாம். திட்டாதீர்கள், சின்ன விலைக்குப் பெரிய பாடம்.

மலிவாக இஸ்க் தருவதாகச் சொன்னவருக்கு யுபிஐயில் 15,000 ரூபாய் அனுப்பினேன். எண்ணை பிளாக் செய்துவிட்டார். (கோவை வாசகர்)

இது ஆட்டம் அல்ல, உண்மைப் பணம். இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பரிமாற்ற எண், நேரம், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். நேரம் போகப் போகப் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவும், ஆகவே எனக்குக் கடிதம் எழுதுவது இரண்டாம் வேலையாக இருந்திருக்க வேண்டும். அவர் இஸ்க்கைக் கொடுத்திருந்தாலும் அது விதிமீறல்தான். உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். உண்மைப் பணம் கொடுத்து இஸ்க் பெற வேண்டுமென்றால், சிசிபி விற்கும் பிளெக்ஸ் என்ற ஆட்டப் பொருளை வாங்கி ஆட்டச் சந்தையில் விற்பதே அனுமதிக்கப்பட்ட வழி.

இவ்வளவு விவரம் தெரிந்த நீங்களே எங்கள் இஸ்க்கை வாங்கி முதலீடு செய்து தரலாமே? வாரம் 2 விழுக்காடு போதும். (நெல்லை வாசகர்)

மாட்டேன். என் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் அது நான் அல்ல. விசாரித்ததில் நானேதான் என்று உறுதியானாலும் கொடுக்காதீர்கள்.