அப்பா, அம்மாவுக்கு ஐரோப்பாவைச் சுற்றிக்காட்ட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். வயது 25. மே கடைசியில் தீசிஸ் கொடுத்துவிடுவேன். இதுவரை விமானமே ஏறாத அப்பா, அம்மாவை வரவழைத்து நான்கு வாரம் கூட வைத்திருந்து, பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் எல்லாம் காட்ட வேண்டும் என்று ஆசை. மே 15-ல் வந்து ஜூன் 12-ல் திரும்ப, இருவருக்கும் 1.40 லட்சத்துக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து 6 லட்சம் ஆகும்போல் தெரிகிறது. பகுதிநேர வேலையில் சேர்த்த 5,000 யூரோ என்னிடம் இருக்கிறது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் 3 லட்சம் எஃப்.டி. உண்டு. "அதைத் தொட வேண்டாம், அம்மா நகையை வைத்துக்கொள்ளலாம்" என்கிறார். பெர்சனல் லோன் போட்டுவிடு, வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம் என்கிறாள் தோழி. கல்விக் கடன் 22 லட்சம், வட்டி 10.5%. நகையா, லோனா, எது நல்லது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் அப்பா, அம்மா தாராளமாக வரட்டும்.

முதலில் உங்கள் கடனைப் பார்ப்போம். 22 லட்சத்துக்கு 10.5% என்றால் நாளொன்றுக்கு 630 ரூபாய்க்கு மேல் வட்டி ஓடுகிறது. தவணை இன்னும் தொடங்கவில்லை என்பதால் அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் வரை அனுமதி தருகிறது. ஆனால் அந்த மாதங்களில் சோறு போடப் போவது யார்? மாணவி என்ற தகுதி முடிந்ததும் மருத்துவக் காப்பீட்டின் மாணவர் கட்டணமும் போய்விடும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாணவருக்குத் தரும் செமஸ்டர் டிக்கெட்டும் போய்விடும். அதாவது, வருமானம் நிற்கிற நேரத்தில் செலவு ஏறும்.

அதனால் உங்கள் 5,000 யூரோவில் மூன்று மாதச் செலவை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மாணவருக்கு மாதம் 992 யூரோ வேண்டும் என்று ஜெர்மன் அரசே கணக்குப் போட்டுத்தானே உங்கள் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கிற கணக்கில், கட்டச் சொன்னது? அதையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 2,976 யூரோ. மீதி 2,024. இதுதான் உங்கள் சுற்றுலா பட்ஜெட். யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் 2.12 லட்சம். 6 லட்சத்தைக் கற்பனை செய்துவிட்டு இதைப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். எஃப்.டி. 7% தருகிறது, நகைக் கடனுக்கு 9% கேட்கிறார்கள் என்றால், எஃப்.டி.யைக் காப்பாற்ற நகையை வைப்பது நஷ்டக் கணக்கு. முன்கூட்டியே உடைத்தால் பல வங்கிகளில் அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிப்பார்கள். அது பரவாயில்லை. வாத்தியார் கணக்குத் தெரியாமல் இதைச் சொல்லியிருக்க மாட்டார். எஃப்.டி. அவருக்கு மருத்துவச் செலவுக்கான பணம், நகை வீட்டில் சும்மா இருக்கிற பொருள். அவர் மனசு அப்படி ஓடுகிறது. அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி ஓடும்.

டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் மூன்றும் அவர்கள் பக்கம் இருக்கட்டும். ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எல்லாம் சேர்ந்து 1.75 லட்சத்துக்குள் முடியும். அதற்கு வேண்டியதை மட்டும் எஃப்.டி.யிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பகுதியாக எடுக்க விடுகிற வங்கிகளும் உண்டு. ஆனால் விசா கையில் வரும்வரை ரசீதைத் தொடாதீர்கள். ஓய்வூதியம் வருகிற பாஸ்புக்கும் அந்த எஃப்.டி. ரசீதும்தான் அவர்களுடைய நிதிச் சான்று. கடைசி வாரத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு இருப்பைக் காட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். தூதரகத்தில் மூன்று மாத ஸ்டேட்மென்ட் பார்ப்பவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கும் பாலிசி அந்த விதிக்குப் போதும், உங்கள் அப்பாவுக்குப் போதாது. பிரஷர், சுகர் இருந்தால் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் ஏதாவது கவர் தருகிற பாலிசியாகப் பாருங்கள். சில ஆயிரம் கூடத்தான் ஆகும். இந்தப் பயணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

இனி தேதி. மே 15 முதல் ஜூன் 12 என்பது இரண்டு வகையில் தப்பு. ஒன்று, தீசிஸ் கொடுக்கிற கடைசி இரண்டு வாரம் அம்மா சமைத்துப் போட, நீங்கள் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள். இன்னொன்று, டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026-ல் அது மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாம் அதில் அடக்கம். உங்களுக்கு செமஸ்டர் டிக்கெட் இருக்கிறது, அவர்களுக்கு வாங்க வேண்டும். அது காலண்டர் மாதக் கணக்கு. மே பாதியில் வந்து ஜூன் பாதியில் போனால் இரண்டு பேருக்கு இரண்டு மாதம், 252 யூரோ. ஜூன் 1-ல் வந்து 27-ல் கிளம்பினால் 126. மிச்சம் 13,000 ரூபாய்க்கு மேல். விமானக் கட்டணம் அதைவிடக் கூடினால் மட்டும் யோசியுங்கள்.

அந்த டிக்கெட்டில் என்னென்ன பார்க்கலாம் என்பதுதான் சுவாரசியம். ஆகனில் ஏறும் ஆர்.இ.1 ரயில் கொலோன், டியூசல்டார்ஃப், டோர்ட்மண்ட் வழியாக ஹாம் வரை போகிறது. ஹாமில் இறங்கி பஸ் பிடித்தால் ஈழத் தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்மன் கோயில். ராஜகோபுரத்தோடு நிற்கிறது. உங்கள் அம்மாவுக்கு ரோமைவிட இது பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கொலோனில் அந்தப் பெரிய தேவாலயம்: 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்தார்கள், 157 மீட்டர் உயரம். கோபுரத்துக்கு 533 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். கொலோனிலிருந்து மைன்ஸ் போகும் ஆர்.பி.26 ரயிலில் இடப்பக்க ஜன்னலில் உட்காரவையுங்கள். கோப்லென்ஸ் தாண்டியதும் ரைன் நதியும் திராட்சைத் தோட்டமும் கோட்டைகளும் மாறி மாறி வரும். படகுக்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. ஐ.சி.இ., ஐ.சி. எனும் தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் இந்த டிக்கெட் செல்லாது. 

ஆகனிலேயே ஒரு நாள் இருக்கிறது. ஊர் பஸ்ஸில் வால்ஸ் போய், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கிற இடத்தில் அப்பாவை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பிலேயே உயரமான இடம் அது, 322 மீட்டர். சிறுமலையைப் பார்த்து வளர்ந்தவர் சிரிக்கத்தான் செய்வார்.

வெளிநாடு என்று பாரிஸ் ஒன்று போதும். ஆகனிலிருந்து நேர் ரயில், மூன்று மணி நேரத்துக்குள். டிக்கெட்டை இப்போதே எடுத்தால் ஒருவழிக்கு 45 யூரோவுக்குள் கிடைக்க வாய்ப்பு உண்டு, கடைசி வாரம் எடுத்தால் இரண்டு மடங்கு. ரயில் நிற்கிற 'கார் து நோர்' ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை எடுங்கள். பின்னால் லா ஷப்பேல், நம் ஆட்களின் கடைத்தெரு. இட்லி, தோசை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. ஐரோப்பாவில் வசிக்கிற 26 வயதுக்குக் கீழானவர்களுக்கு இலவசம் என்பதால் உங்கள் ரெசிடென்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஃபல் கோபுரத்தில் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. இருட்டிய பிறகு எதிரே ட்ரோக்கடேரோவில் நின்றால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மினுமினுக்கும். காசு கிடையாது.

சுவிட்சர்லாந்து மேல் உங்களுக்குக் கண் இருக்கிறது, தெரிகிறது. பனிமலைக்கு ஏறும் யுங்ஃபிராவ்யோக் ரயில் கோடையில் இன்டர்லாகனிலிருந்து ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். மூவருக்கு 66,000 ரூபாயாவது ஆகும். மேலே 3,454 மீட்டர். பிரஷர் உள்ளவருக்கு அது விளையாட்டு இல்லை. மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். வேலை கிடைத்த பிறகு போங்கள். ரோமும் வெனிஸும் அப்படியே.

என் கணக்கு இது. தங்க இடம் 450 யூரோ: யாராவது ஊருக்குப் போகிற மாணவரின் அறையை இடைவாடகைக்குப் பிடியுங்கள். அல்லது உங்கள் அறையை அவர்களுக்கு விட்டு நீங்கள் தோழி அறைக்குப் போகலாம், விடுதி நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டுவிட்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் 126. பாரிஸ் இரண்டு இரவு, ரயில், அறை, லூவர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 750. மற்ற நாள் பயணங்களுக்கு 150. மளிகை 250. கைச்செலவு 200. கூட்டினால் 1,926. கையில் நூறு மிச்சம்.

கைச்செலவு என்றது சும்மா இல்லை. போன வருடம் நானும் என் மனைவியும் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். ஸ்டேஷன் கழிப்பறை ஒரு யூரோ. "நூத்தி அஞ்சு ரூபாயா, வீட்டுக்கே போயிரலாம்" என்று அவள் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் தினமும் காலையில் அம்மா பையில் நாலைந்து ஒரு யூரோ நாணயத்தை நீங்களே போட்டுவிடுங்கள், எதற்கு என்று சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு வேறு வேலை இருக்கும்: காலி பிளாஸ்டிக் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். நான் நான்கு வாரமும் அதைத்தான் செய்தேன்.

அதே பயணத்தில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. கடையில் கார்டைச் செருகியதும் திரையில் 'யூரோவா, ரூபாயா?' என்று கேட்டது. நம் பணம் என்ற பாசத்தில் ரூபாயை அமுக்கினேன். அந்தக் கடைக்காரர் வைத்த மாற்று விலையில் கழிந்தது. எப்போது கேட்டாலும் யூரோவை அமுக்கச் சொல்லுங்கள். அப்பாவின் டெபிட் கார்டுக்கு வங்கி தனியாக மார்க்கப் என்று ஒரு கட்டணம் பிடிக்கும் என்பதால் அவர் ஒரு ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) 200, 300 யூரோ ஏற்றிக்கொண்டு வந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் கார்டில்.

சென்னையிலிருந்து பேக்கேஜ் டூர் போட்டுக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டாலும் கேட்பார். அதில் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் பணம் அதுவரை முடங்கும். தவிர, பத்து நாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் ஊராக இறங்கி ஏறுவதற்கா அவர்கள் வருகிறார்கள்? உங்கள் லேபையும் நீங்கள் காய்கறி வாங்குகிற கடையையும் எந்த டூர் கம்பெனியும் காட்டாது.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னை மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பாடு. இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டையும் உங்கள் ஜெர்மன் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது சந்தா. ஜூன் 10-க்குள் ரத்து செய்யாவிட்டால், அவர்கள் திண்டுக்கல்லில் இருக்கும்போது ஜூலைக்கும் 126 யூரோ போய்விடும். போனில் அலாரம் வைத்துவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்குங்கள்.