துணைத்தலைவர் யார்?

ஐயா,

எங்கள் ஊராட்சி அடுத்த தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று பேச்சு. அம்மாவை நிறுத்துவதாக அப்பாவும் பெரியப்பாவும் முடிவு செய்துவிட்டார்கள். "கையெழுத்து மட்டும் போடட்டும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் அப்பா. அம்மாவுக்கு நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். 1921இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்த ஈரோட்டுப் பக்கத்திலேயே இப்படி என்றால் ஒதுக்கீட்டால் என்ன பயன்? சட்டமன்றத்தில் 33 சதவீதம் வந்தாலும் இதுதானே நடக்கும்? அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

ப., சென்னிமலை அருகிலிருந்து

அன்புள்ள ப.,

நாகம்மையாரை விடுங்கள் அம்மணி. அவர் பெயரைச் சொல்லாத மேடை நம் பக்கத்தில் இல்லை. அந்த மேடைகளில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், போதும். சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கான சட்டம் 2023இல் வந்தது. கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்போது அது உங்கள் கவலை இல்லை.

பேச்சுப் பயிற்சியும் வேண்டாம். ஆண் தலைவர்களில் எத்தனை பேருக்குப் பேச வரும்? அவர்களை யாராவது பயிற்சிக்கு அனுப்பினார்களா?

உங்கள் அப்பா சொன்னதுதான் விஷயம். கையெழுத்து "மட்டும்" போடட்டுமாம். ஊராட்சியில் கையெழுத்தைத் தவிர வேறென்ன அதிகாரம் இருக்கிறது? அது அவருக்கு நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அம்மாவின் கையெழுத்து பாதிதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 படி காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. ஒதுக்கீடு இல்லாவிட்டால் தலைவராக வந்திருக்கக்கூடியவர் எவரோ, அவர் ஒரு வார்டில் ஜெயித்து அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார். பெண் தலைவருக்குப் பூட்டு போடுவது வீட்டுக்காரர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். வீட்டுக்காரர் பாதிப் பூட்டு. மீதி இது.

சித்திரை மாதம். ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. குழாயோடு மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க வேண்டும். பழைய பாக்கி நின்றால் வண்டிக்காரர் வர மாட்டார். மேல்நிலைத் தொட்டியில் மிஞ்சியிருப்பது ஒரு நாள் தண்ணீர். காசோலையை நீட்டினால் துணைத்தலைவரோ "தீர்மானம் வெக்காம எப்படிங்க" என்பார், அல்லது வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருப்பார். மூன்றாம் நாள் காலிக்குடங்கள் வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு, அவர் வாசலுக்கு அல்ல. "பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று அன்று சாயங்காலமே டீக்கடையில் தொடங்கிவிடும். அவர் உங்கள் அம்மாவை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு வார்டுகளிலும் பாதி பெண்களுக்கு. அவர்கள் ஒன்று சேர்ந்தால் துணைத்தலைவரும் பெண்ணாக வரலாம். பதவியேற்ற பிறகு யோசித்தால் பேரம் முடிந்திருக்கும். மனுத்தாக்கலுக்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து அம்மாவே நேரில் போய்ப் பேசட்டும். காலனி வார்டில் நிற்கும் பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துப் பேச வேண்டும். பெரியப்பா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஜெயித்த பிறகு பார்க்க வேண்டியவை. இணையத்தில் பணம் அனுப்ப டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஒன்று, பென் டிரைவ் அளவில் இருக்கும். அதை ஊராட்சிச் செயலரின் மேசை டிராயரில், பின் நம்பர் எழுதிய சீட்டோடு போட்டுவைப்பது பெரிய தப்பு. பதிவு செய்யும் கைபேசி எண் அம்மாவுடையதாக இருக்கட்டும், அந்தப் போனும் அவர் கையிலேயே இருக்கட்டும். கணக்கு மூன்று: முதலாவது பொதுநிதி, இரண்டாவது மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும், மூன்றாவது திட்ட நிதி. மூன்றின் வரவு செலவையும் மாதாமாதம் வாங்கிப் பார்க்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தால் குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போடட்டும். முறைகேடு என்று வந்தால் அதே ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் ஆட்சியரின் நோட்டீஸ் அம்மா பெயருக்குத்தான் வரும். "மத்ததைப் பாத்துக்கற" அப்பாவுக்கு வராது.

உங்கள் மேல் ஒரு கோபம். அப்பா சொன்னது கடிதத்தில் இருக்கிறது, பெரியப்பாவின் முடிவு இருக்கிறது, உங்கள் வருத்தமும் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா? அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சரி என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு 21 முடிந்திருந்தால் உங்கள் பெயரையும் பாருங்கள். வார்டுக்கு ஆள் வேண்டுமே.